மூன்று சோப்ரானோக்களும் என் மருமகளும்

"இந்த நிறுவனத்தின் தயாரிப்பு ஒன்றில் தலைமைப் பாத்திரத்தை மூன்று பருவங்கள் பாடியவர், அதே தயாரிப்பு மறுபடி மேடையேறும்போது, குரல் தேர்வின்றி முதலில் அழைக்கப்படுவார்." பாடகர்களுக்கான கையேட்டில், பயணப்படிக்கும் தீ விபத்து ஒழுங்குகளுக்கும் நடுவில் இந்த விதி இருந்தது. நல்ல விதி. சந்தேகத்துக்கு இடமில்லை, 'இயன்றவரை' என்ற சொல்கூட இல்லை. உழைத்த காலம் முழுவதும் அரச கந்தோரில் கோப்புகளோடும் இப்படியான வசனங்களோடும் வாழ்ந்தவன் நான். 'இயன்றவரை' இல்லாத விதியைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை வரும்.

அழைக்கப்பட வேண்டியவள் என் மருமகள். அவள் ஓபரா பாடகி, சோப்ரானோ, அதாவது பெண் குரலில் மிக உயர்ந்த ஸ்தாயி. ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தும் ஒரு லண்டன் நிறுவனத்தில் பாடியவள். அவளுடைய பாத்திரம் ஒரு துறைமுக நகரத்துச் சலவைக்காரி. காதலன் கப்பலேறிப் போய்விடுகிறான், இவள் கடைசி அங்கத்தில் காய்ச்சலில் சாகிறாள். சாவதற்கு முன்னர் அவன் விட்டுப்போன சட்டையை மடித்துக்கொண்டே ஒரு நீண்ட பாட்டுப் பாட வேண்டும். காய்ச்சல்காரிக்கு அவ்வளவு மூச்சு எங்கிருந்து வருகிறது என்று ஓபராவில் ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

பிள்ளை பிறந்ததோடு அவள் மேடையை விட்டாள். சில வருடங்கள் வீட்டில் மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், தேவாலயங்களில் முன்பின் தெரியாதவர்களின் இறுதிச் சடங்குகளில் பாடினாள். இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். மருமகளின் குரலும் கனத்து, அடியில் ஒரு இருட்டு வந்திருந்தது. இந்தப் பாத்திரத்துக்கு இதுதான் சரியான வயது என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் நிறுவனம் அந்தத் தயாரிப்பைக் கடைசி முறையாக எடுக்கிறது, அதன் பிறகு காட்சிச் செட்டுகளை உடைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கையேட்டை நம்பி, அவள் அழைப்புக்குக் காத்திருந்தாள். பொதுவான குரல் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் திகதியும் கடந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கு லண்டன் சட்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது, அவள் சோபாவில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை.

"கூப்பிடேல்லையோ பிள்ளை?"

"இல்லை மாமா. நான் போன் பண்ணினனான். சிஸ்டத்தைப் பாத்திட்டு, நான் ஒரு சீசன்தான் பாடினனாம் எண்டு சொல்லினம்."

"ஒண்டோ?"

"நான் மூண்டு தரம் செத்தனான் மாமா. அவை ஒருக்கால்தான் எண்டினம்."

மகன் அடுக்களையில் இருந்து குரல் கொடுத்தான். "அப்பா, நீங்கள் தொடங்காதேங்கோ."

நான் ஏற்கனவே தொடங்கிவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய நிகழ்ச்சிகளின் விபரம் இருக்கிறது. அன்று மாலையே தேடினேன். சலவைக்காரியாகப் பாடியவர்கள் பட்டியலில் என் மருமகள் இருந்தாள், மூன்று இடங்களில், மூன்று வெவ்வேறு எழுத்துக்களின் கீழ், மூன்று பெண்களாக. ஆளுக்கு ஒரு பருவம். விதிப்படி அந்த மூவரில் எவருக்கும் அழைப்பு இல்லை.

எப்படி நடந்தது என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்லியும் விளங்காது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனுடைய பெயர் முன்னால் வரும், பிள்ளையுடைய பெயர் பின்னால் வரும். அவளுடைய தகப்பன், ஸ்ட்ரெதமில் இருக்கும் என் சம்பந்தி, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பிள்ளைக்குப் படிவம் நிரப்பியவர். நிலைமையை அறிய அவரிடம் போனேன்.

"நான் என்ன பிழை விட்டனான்?" என்றார் அவர். "ஃபர்ஸ்ட் நேம் எண்டு கேட்டிருந்தது. ஃபர்ஸ்ட் எண்டால் முதல். முதல் வாற பேர் தேப்பன்ர பேர்தானே? எழுதினன். பிறகு சர்நேம் எண்டு ஒரு பெட்டி. மிச்சம் இருந்தது பிள்ளையின்ர பேர். அதை அதுக்குள்ள போட்டன்."

"அப்ப பிள்ளையை எல்லாரும் உங்கட பேர் சொல்லியெல்லோ கூப்பிட்டிருப்பினம்?"

"ஓம். பள்ளிக்கூடத்தில டீச்சர் என்ர பேரைக் கூப்பிட, இவள் எழும்பி 'யெஸ் மிஸ்' எண்டிருக்கிறாள். அதில என்ன? என்ர பேர் நல்ல பேர்தானே."

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை.

ஆக, முதலாவது சோப்ரானோவின் முன்பெயர் என் சம்பந்தியின் பெயர். இந்தப் பாடகி படிப்பை முடித்த கையோடு நிறுவனத்தின் வேனில் ஏறி, பள்ளிக்கூட மண்டபங்களிலும் குளிர்ந்த தேவாலயங்களிலும் செத்தவர். சாவதில் அளவுக்கு மிஞ்சிய ஆர்வம் இருந்ததாம். முதல் நிகழ்ச்சியில் அவள் விழுந்த விதத்தைப் பார்த்து, முன்வரிசையில் இருந்த தாய் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். சட்டையை அவள் நாடகக்காரியைப் போல, கைகளை அகல விரித்து மடிப்பாளாம்.

இரண்டாவது சோப்ரானோ, முகவர் ஒருவர் வந்து பெயரைத் திருப்பிப் போட்டதால் பிறந்தவர். தன் பெயர் முன்னால், தகப்பன் பெயர் பின்னால். இவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "ஒரு பிரண்ட் பாடுறா" என்று மட்டும் சொல்லி மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். ஓபராவுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. இடைவேளை வரை நித்திரையோடு போராடினேன். கடைசி அங்கத்தில் அந்தப் பெண் சட்டையின் கொலரை நீவி, கைகளை உள்ளே மடித்து, கடையில் வேலை செய்கிறவளைப் போல வேகமாக, கவனமாக மடித்தாள். கடைசிச் சுரத்தை உரத்துப் பாடாமல் மெல்லியதாக எடுத்து, மெல்லியதாகவே விட்டாள். மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை. பக்கத்தில் மகனைப் பார்த்தேன். 'பிரண்ட்' என்ற சொல்லின் பொருள் எனக்கு அப்போது விளங்கியது.

மூன்றாவது சோப்ரானோவின் குடும்பப் பெயர் என்னுடைய பெயர். இந்த நாட்டு முறைப்படி என் மகனுக்கு என் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. கலியாணத்துக்குப் பிறகு மருமகளின் பாஸ்போர்ட்டிலும் அது ஏறியது. பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் வேண்டும் என்று சம்பளப் பகுதி சொன்னது. அந்தப் பருவம் முழுவதும் ஒரு யாழ்ப்பாணத்துக் கந்தோர்க்காரனின் பெயர் நிகழ்ச்சி நிரலில் இத்தாலியச் சலவைக்காரியாக அச்சாகி, இரவுக்கிரவு செத்தது. வயிற்றில் பேத்தி. சால்வையால் மறைத்துக்கொண்டு, நின்று பாட ஏலாமல் இருந்து பாடினாள். சட்டையை அவள் முழுவதும் மடிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மூன்று சாவுகளில் மிகச் சிறந்தது அதுதான் என்பது என் கருத்து. நான் பக்கச் சார்புடையவன்.

நான் நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரு கடிதத்தில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும், இரண்டு கேட்டால் இலகுவானதற்கு மட்டும் பதில் வரும். விதியைக் காட்டி, மூன்று பேரும் ஒருவரே என்று பதிவைத் திருத்தும்படி கேட்டு, கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.

பதில் மிகவும் அன்பாக வந்தது. 'அன்புள்ள அம்மையாருக்கு' என்று தொடங்கி, கர்ப்பிணியாக இருந்தும் நான் ஆற்றிய அரும்பணிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஆனால் மற்ற இரண்டு கலைஞர்களுடைய தனிப்பட்ட விபரங்களை, அவர்களுடைய எழுத்துமூல சம்மதம் இல்லாமல், என்னோடு பேச முடியாதாம்.

மருமகள் அதை வாசித்துவிட்டுச் சோபாவில் சரிந்து சிரித்தாள்.

"மாமா, வடிவாப் பாடியிருக்கிறியள் போல."

"சிரிக்காதை. அவை கேட்டதில ஒரு பிழையும் இல்லை."

"விடுங்கோ மாமா. நான் பாடினதே அவைக்குத் தெரியாட்டி, நான் போய்க் கெஞ்சோணுமே?" சிரிப்பு நின்றுவிட்டது. "தேர்வும் முடிஞ்சுது. ரெண்டு பேரைத் தெரிஞ்சு வைச்சிருக்கினமாம், அதில ஒராளை எடுப்பினமாம். இனி இது சரிவராது."

"ஆரையும் எடுத்திட்டதா அறிவிச்சவையோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப நீ இன்னும் சாகேல்லை," என்றேன்.

கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதுதான் நடைமுறை. மூன்று சம்மதக் கடிதங்களை நான் தட்டச்சுச் செய்தேன். சட்டத்தரணி ஒருவர் முன்னால் சத்தியக் கடதாசி ஒன்றும் முடித்தோம். மூன்று பெயரும் ஒரே ஆளுக்கு உரியவை என்று அவள் சத்தியம் செய்ய வேண்டும். சட்டத்தரணி எங்கள் ஆள்தான். அவர் ஆச்சரியப்படவேயில்லை. தன்னுடைய மனைவிக்கு நான்கு பெயர் என்றார்.

மேசையில் கடதாசிகளைப் பரப்பி வைத்தோம். மருமகள் பேனையைத் தூக்கிப் பிடித்தாள்.

"மூண்டு பேருக்கும் ஒரு பேனை காணுமோ மாமா? சந்தேகப்பட மாட்டினமே?"

"சந்தேகப்படட்டும். அதுக்குத்தானே பாடுபடுறம்."

முதலாவது சோப்ரானோ சம்மதித்துக் கையெழுத்திட்டார். இரண்டாவதும் சம்மதித்தார். மூன்றாவது சோப்ரானோ கடைசிப் பக்கத்தில் தயங்கினார். 'இனிமேல் எந்தப் பெயரில் பதிவு இருக்க வேண்டும்?' என்று நான் ஒரு வரியை விட்டிருந்தேன். நிறுவனம் அதைக் கேட்கவில்லை. கேட்கப்போவது நிச்சயம் என்பதால் முன்கூட்டியே சேர்த்தேன்.

"அப்பான்ர பேரைப் போட்டால் உங்களுக்குக் கவலை," என்றாள். "உங்கட பேரைப் போட்டால் அப்பாவுக்குக் கவலை."

"எனக்கு ஒரு கவலையும் இல்லை."

"பொய்."

அவள் தன் பெயரை மட்டும் எழுதினாள். ஒரு சொல். முன்னால் ஒருவரும் இல்லை, பின்னால் ஒருவரும் இல்லை. அப்படிப் பதியலாமா என்று கையேட்டை ஒரு முறை பார்த்தேன். தடை இல்லை. அந்த ஒற்றைப் பெயர் கடதாசியில் கொஞ்சம் துணிச்சலாகத்தான் நின்றது. என் பெயர் மேடையில் இனிமேல் சாகாது என்பதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது. அதை நான் வெளியில் காட்டவில்லை என்று நினைக்கிறேன்.

உறையை ஒட்ட முதல், அவள் கடைசிப் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள். நாங்கள் மூவரும் இன்னும் நன்றாகவே பாடுகிறோம், கேட்க விரும்பினால் ஒரே செலவில் வருவோம் என்று. அலுவலகக் கடிதத்தில் பகிடி கூடாது என்பது என் கொள்கை. கிழித்துவிட்டுப் புதிதாக அடிப்போம் என்றேன்.

"இது என்ர கடிதம் மாமா," என்றாள். நான் உறையை ஒட்டினேன்.

மார்கழி முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. நத்தாருக்குக் கந்தோர் பூட்டியிருக்கும், புதுவருடத்துக்குப் பிறகு மேசைகள் நிரம்பியிருக்கும் என்று நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். அவள் எனக்குச் சொல்லாமல் தினமும் காலையில் பயிற்சி செய்யத் தொடங்கியிருந்தாள். மகன்தான் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினாராம். அவரே அடுத்த நாள் வந்து, அந்தக் கடைசித் துண்டை ஏன் பாதியில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டாராம்.

பதில் ஒரு பக்கம்தான். பதிவு திருத்தப்பட்டது. விதிப்படி முதலில் அழைத்திருக்க வேண்டும், அழைக்காததற்கு வருந்துகிறோம். பாத்திரம் உங்களுடையது, ஒத்திகை வசந்த காலத்தில் தொடங்கும், உங்களோடு கையெழுத்திட்ட மற்ற இருவருக்கும் இடமில்லாததையிட்டு வருந்துகிறோம் என்று கடைசி வரியில் அவர்களும் ஒரு பகிடி விட்டிருந்தார்கள். மேலே, முகவரியில், அவளுடைய பெயர் மட்டும் ஒற்றைச் சொல்லாக இருந்தது. மருமகள் அதை எனக்குத் தொலைபேசியில் இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். இரண்டாம் தரம் பாதியில் நிறுத்தினாள். கடிதத்தின் திகதியைக் கேட்டேன், வந்த திகதியையும் கேட்டேன். எழுதியது ஒரு கிழமைக்கு முன்னர். வந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.