காளிமுத்து போருக்குப் போகவில்லை

‘சர்நேம்’ என்ற கட்டம் வந்ததும் சுந்தரமூர்த்தி பேனாவை மூடிவிடுவார். இது எத்தனையாவது படிவம் என்று அவருக்கே நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். “இங்கதான் தம்பி இடிக்குது.” நியூசிலாந்தில், ஏவன்டேலில் இருக்கும் அவர் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். படிவம் நிரப்புவது வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத வேலை. யார் கேட்டார்கள்!

வயது எண்பது. பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த ஐம்பதுகளில், பிரிட்டிஷ் ராணுவத்தில் உள்ளூர் ஆளாகச் சேர்ந்து லோரி ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் நியூசிலாந்துச் சிப்பாய்கள். ஒரே காடு, ஒரே மழை, காலில் ஏறிய அட்டைகூட ஒன்றுதான். சம்பளம் மட்டும் வேறு. 1958-இல் ஒருநாள் லோரிக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. இடது காது அன்றைக்கே போனது. வலது காது தவணை முறையில் போய்க்கொண்டிருக்கிறது.

பேசுகிறவர் யாரானாலும் அவரிடம் திட்டு வாங்காமல் போக முடியாது. “வாய்க்குள்ளயே பேசுனா எப்படி? சத்தமா பேசு. நான் என்ன போலீசா, பயந்து முனக?” நியூ லின் போகும் ரயிலில் இதைக் கேட்டு ஒரு பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மகள் மாலினி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். காது மெஷின் வாங்கித் தருகிறேன் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. “அவங்க சண்டையில போன காது. அவங்கதான் சரி பண்ணணும். நீ எதுக்குக் குடுக்குற?” வருடக் கடைசிக்குள் வலது காதும் அடைத்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகும் அதே பேச்சுதான். “பிடிச்சா ஒரே பிடி,” என்று மாலினி என்னிடம் அலுத்துக்கொண்டாள். “கத்திக் கத்தி என் தொண்டைக்குத்தான் மெஷின் வைக்கணும் போல.”

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ரோன் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அரைகுறை மலாயில் மிளகாய் விலை கேட்டுக்கொண்டிருந்தார். சுந்தரமூர்த்தி பின்னாலிருந்து அதைத் திருத்தினார். திரும்பியவர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சன்னி?” என்றாராம். அதே லோரியில், அதே வெடியில் காது கெட்ட ரோன். அவருக்கு முன்னாள் படைவீரர்களுக்கான வெட்ரன்ஸ் பென்ஷன் வந்தது, இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது, வீட்டில் புல் வெட்டவும் ஆள் வந்தது. “பொறாமை இல்லன்னு சொன்னா பொய்யி,” என்பார் சுந்தரமூர்த்தி. “அதே வெடிதானே தம்பி.”

அதே உதவியைக் கேட்டு இவரும் விண்ணப்பிக்க, ரோன் சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் ஓட்டுநரின் பெயர் சன்னி, சிப்பாய்கள் கூப்பிட்ட பெயர். ராணுவத்தில் எழுதிக்கொண்ட பெயர் சுந்தரம். இந்த நாட்டுக்கு விசா போட்டபோது சர்நேம் வேண்டும் என்றதால் அப்பா பெயரைக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து இங்கே இவர் மிஸ்டர் காளிமுத்து. “மிஸ்டர் காளிமுத்து படையில் பணியாற்றியதற்குப் பதிவு எதுவும் இல்லை” என்று பதில் வந்தது. நான் படித்துக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார். “சரியாத்தானே சொல்லியிருக்கான். எங்கப்பா கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவரு. துப்பாக்கியக் கண்டா வாய்க்கால்ல குதிச்சிருவாரு.” அதன் பிறகு இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சம்பளப் புத்தகம் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது. ராணுவ நம்பரில் முதல் நான்கு இலக்கம் நாக்கில் இருக்கிறது, மீதி வரவில்லை. வெங்காயம் உரிக்கும்போதும் குளிக்கும்போதும் முனகிப் பார்ப்பார். போன குளிர்காலத்தில் ரோனும் இறந்துபோனார். இருந்த ஒரே சாட்சியும் போனது.

சந்தையில் கீரை விற்கும் பிலிப்பீனோ பெண்ணிடம் மட்டும் இதையெல்லாம் சொல்வார். அவளுடைய அப்பா ஜப்பான்காரனை எதிர்த்து அமெரிக்கக் கொடியின் கீழ் சண்டை போட்டவர். போர் முடிந்ததும் அந்தச் சேவை கணக்கில் வராது என்று சட்டம் போட்டார்கள். அறுபத்துச் சொச்சம் வருடம் கழித்து ஒருவழியாகப் பணம் கொடுக்க முன்வந்தபோது, பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். “உங்கப்பாவும் நம்ம கட்சிதானா,” என்று கேட்டு, சுந்தரமூர்த்தி வேண்டாத கீரையையும் வாங்கி வருவார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்கள் வழக்கத்தில் சர்நேம் என்பதே கிடையாது, அப்பாவைத் தேடாதீர்கள், சுந்தரம் என்ற ஓட்டுநரைத் தேடுங்கள் என்று காரமாக ஒரு கடிதம் எழுதினேன். நான்கு மாதம் கழித்து, போன வியாழக்கிழமை பதில் வந்தது.

மாலினி அவர் வலது காதருகே குனிந்து கத்தினாள். “டிரைவர் சுந்தரம். ரெக்கார்டு கிடைச்சிருச்சிப்பா.” பிறகு நம்பரை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். ஐந்தாவது வந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நின்றார்.

அவள் அடுத்த பத்தியைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். “படி,” என்றார். சேவை செய்த காலத்தில் இந்த நாட்டில் குடியிருக்கவில்லை, ஆகவே தகுதியில்லை. இதுவே இறுதி முடிவு. இதையும் அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உட்காருங்கப்பா.”

“நம்பர இன்னொரு தடவ படி.”

அவள் படித்தாள். அவர் முதுகை நிமிர்த்தி, கைகளை இரு பக்கமும் ஒட்டவைத்து நின்றார். கட்டைவிரல்கள் இரண்டும் கைலியின் மேல் பழைய ராணுவக் கால்சட்டையின் தையலைத் தேடிக்கொண்டிருந்தன.