சத்தமில்லாமல் வந்த ஜீப்

எங்கள் வீட்டு ஜீப் வருவது, அது கண்ணில் படுவதற்கு வெகு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். பின்பக்க அச்சைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளின் முனைகளில் இருந்த புஷ்கள், அதாவது ரப்பர் உருளைகள், தேய்ந்துபோயிருந்தன. சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூடத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது மாதிரி சத்தம் எழும். அதைக் கேட்டதும் அம்மா அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். குற்றாலத்துக்கு மேலே மலைச்சரிவில் இருந்த கிராம்புத் தோப்புக்கு அப்பா அந்த ஜீப்பில்தான் போய்வருவார்.

எண்பதுகளின் தொடக்கம், நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் சாரல் ஆரம்பித்த சமயத்தில், வீரகேரளம்புதூரில் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போன அம்மா, விசேஷம் முடிந்தும் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் அப்பா ஜீப்பைக் காட்டுவார்.

"புஷ் எல்லாம் போச்சுட்டி. இத வச்சிக்கிட்டு எப்படி அம்புட்டு தூரம் போயி அவளக் கூட்டிட்டு வர? மாத்திட்டுப் போவோம்."

அதே ஜீப்பில்தான் அவர் தினமும் மலையேறி இறங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸும் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. புஷ் மாற்றினால் அம்மா வந்துவிடுவாள் என்பது மட்டும் மனதில் பதிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "புஷ் வாங்கியாச்சாப்பா?" என்றுதான் கேட்பேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் தென்காசிக்குப் போய்ப் புது ரப்பர் புஷ்களை வாங்கி வந்தார். ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுத்திருப்பார்கள். அப்பாவோ வேப்பமரத்தடியில் ஜீப்பை நிறுத்தி, ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கினார். சக்கரங்களைக் கழற்றி வேலியோரம் சாய்த்தார்.

போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுத்தியலால் அடித்தார். மறுபடி ஊற்றினார். ஒன்றுகூட அசையவில்லை. ரோட்டில் அருவிக்குப் போகிற வேன்கள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே இருந்தவர்கள் கூச்சலும் கும்மாளமுமாய்ப் போனார்கள். அப்பா ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே சாரலில் நனைந்துகொண்டிருந்தன. நெடுநேரம் சுத்தியல் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். கண்ணைத் திறந்தபடிதான் கிடந்தார்.

"என்னப்பா பண்ணுதீங்க?"

"ஊறட்டும்ட்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இது கழலவே கழலாது. அம்மா அங்கனயே இருந்துருவா!" என்று கத்தினேன்.

அப்பா மறுபடி சுத்தியலை எடுத்தார். அடி பலமாக விழத் தொடங்கியது. முதல் போல்ட் வெளியே வந்தபோது அவர் விரல்முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

புதுப் புஷ்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவியது நான். நீளமான போல்ட் ஒன்றைக் கோத்து அப்பா நட்டைத் திருகத் திருக, புஷ் பட்டையின் வளையத்துக்குள் மெல்ல இறங்கியது. எல்லாம் முடிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா ஜீப்பை எடுத்தார்.

கீழப்பாவூர்ப் பக்கம் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஜீப் குலுங்கியது; சத்தம் மட்டும் வரவில்லை.

"பாத்தியாட்டி?" என்றார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

"நாம வருதது அம்மாவுக்குத் தெரியாதேப்பா."

மாமா வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. வீட்டை ஒட்டிய முடுக்குச் சந்து வழியாகப் பின்பக்கம் ஓடினேன். அப்பா பின்னால் வந்தார். கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து, ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அம்மா பாடிக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு இல்லை, வாய்விட்ட பாட்டு. எங்கள் வீட்டில் ஒரு வரிகூட அவள் பாடி நான் கேட்டதில்லை. முடுக்கு முனையிலேயே அப்பா நின்றுவிட்டார்.

அம்மா திரும்பினாள். பாட்டு பாதியில் நின்றது. தலையை அள்ளி முடிந்துகொண்டே எழுந்தாள்.

"எப்ப வந்தீங்க? வண்டிச் சத்தமே கேக்கலையே?"

"புஷ் மாத்தியாச்சு," என்றார் அப்பா.

அத்தை காப்பி கொடுத்தாள். அம்மா உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைத்தாள். வாசலில் ஜீப்பில் சாய்ந்து நின்ற அப்பா, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்: "ஒங்கம்ம பாடுவாளாட்டி?"

"தெரியாதுப்பா."

அவர் குந்தி உட்கார்ந்து, ஏற்கெனவே முறுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

திரும்பும்போது நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் அம்மாவின் கையைப் பிடித்து, "அந்தப் பாட்டப் பாடும்மா," என்றேன்.

"எந்தப் பாட்டுட்டி?"

"கெணத்தடில பாடுனியே."

"நான் எங்க பாடுனேன்? பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும்."

அப்பா ரோட்டைப் பார்த்தபடியே வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "பாடேன். இப்பதான் வண்டில சத்தமில்லையே," என்றார்.

அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பாட்டு இத்தனை சீக்கிரம் மறந்துபோகுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.