வெறுந்தாளில் பன்னிரண்டு கையெழுத்து

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போய் ஜக்கம்மாள் வீடு எது என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் விளங்காது. "பஸ்ஸ மறிச்சாளே, அவ வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். எண்பத்தேழாம் வருஷத்துக் கதை அது. அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற பஸ், ரோட்டிலிருந்து அவர்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நிற்கவே நிற்காது. கையைக் காட்டினால் டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் ஜக்கம்மாள் தலையிலிருந்த பருத்திப் பொதியை நடுரோட்டில் இறக்கிப் போட்டு, அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தாள். பஸ் வந்து ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"நிப்பாட்டி ஏத்திக்கிட்டுப் போ. இல்ல, என் மேல விட்டுட்டுப் போ. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கு நடக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து விலக்கில் பஸ் நின்றது. பெயரும் நின்றுவிட்டது.

நாலு ஏக்கர் மானாவாரிக் காடு, பருத்தியும் கம்பும், தவசி என்று ஒரு புருஷன். தவசி நல்ல மனுஷன்தான். வெள்ளைச் சட்டையைக் கண்டால் மட்டும் தோளில் கிடக்கிற துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். ஜக்கம்மாளுக்குத் துண்டும் கிடையாது, இறக்குகிற பழக்கமும் கிடையாது.

தொண்ணூற்றிரண்டில் ஊர் ஊராக அறிவொளி வகுப்பு நடந்தது. அவர்கள் ஊரில் சொல்லிக்கொடுக்க வந்தவள் முனீஸ்வரி. பத்தாவது முடித்த, பத்தொன்பது வயசுப் பெண். காட்டு வேலை இல்லாத மதியங்களில் ஊர் மடத்தில் பெண்களை உட்கார வைத்துச் சிலேட்டைக் கொடுத்தாள். ஜக்கம்மாளுக்கு அப்போது முப்பத்தெட்டு. "களைவெட்டியப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதீக அத்தை, பேனா ஒடைஞ்சு போகும்" என்பாள் முனீஸ்வரி. மூன்று மாதத்தில் ஜக்கம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட்டாள். பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மூன்று புள்ளி. புள்ளி வைக்கச் சொன்னது முனீஸ்வரி. எதற்கு என்று கேட்டதற்கு, "இது அத்தை போட்டதுதான்னு எனக்குத் தெரியணும்ல" என்று சிரித்தாள். பிற்பாடு அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முனீஸ்வரிக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது.

தொண்ணூற்றாறு உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் ஊர் வார்டு பெண்களுக்கு என்று வந்துவிட்டது. தவசியை நிறுத்தலாம் என்றிருந்தவர்கள் வேறு வழியில்லாமல் அவர் சம்சாரத்தை நிறுத்தினார்கள். ஜெயித்துவிட்டாள். செங்கரை ஒன்றியத்தின் பன்னிரண்டு கவுன்சிலர்களில் ஒருத்தி ஆனாள். பெண் கவுன்சிலர்கள் மொத்தம் நாலு பேர். மற்ற மூன்று பேருக்கும் பதிலாக அவரவர் புருஷன்மார்தான் கூட்டத்துக்கு வந்து நாற்காலியில் உட்காருவார்கள். ஜக்கம்மாள் மட்டும் தானே பஸ் ஏறி வருவாள்.

அந்த ஒன்றியத்தில் ஒரு பழக்கம். கூட்டத்துக்குள் நுழைந்ததுமே மினிட் புத்தகத்தை கிளார்க் அருஞ்சுனை நீட்டுவார். பக்கத்தின் அடிப்பாகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மேலே தாள் வெறுமையாக இருக்கும். டீயும் வடையும் வரும், பேசுவார்கள், கலைவார்கள். தீர்மானங்களை அருஞ்சுனை சாயங்காலம் உட்கார்ந்து மேலே எழுதிக்கொள்வார். வராத பெண்களின் வீட்டுக்குப் புத்தகமே டி.வி.எஸ். வண்டியில் போய்க் கையெழுத்து வாங்கி வரும். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த சந்தோஷத்தில் ஜக்கம்மாளும் வெறுந்தாளில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் செய்த பிசகு அது ஒன்றுதான்.

தொண்ணூற்றெட்டு மார்கழியில் அந்தச் சங்கதி வெடித்தது. செங்கரை எம்.எல்.ஏ. சண்முகவேலிடம் இடமாறுதலுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்கப் போன முனீஸ்வரியை அவர் விருந்தினர் மாளிகைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கடிதத்தைக் கொடுக்கிற சாக்கில் கதவைச் சாத்திக் கையைப் பிடித்திருக்கிறார். அவள் தள்ளிவிட்டு ஓடி வந்து, மறுநாளே மனு எழுதிப் போட்டுவிட்டாள். அவள் போட்டதைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் மனுக் கொடுத்தார்கள். பேப்பரில் வந்தது. விசாரிக்க ஒரு அதிகாரியைப் போட்டார்கள். கட்சித் தலைமை கூப்பிட்டுக் கேட்டது. சண்முகவேல் உடல்நிலை சரியில்லை என்று சொல்லி ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டார். சபாநாயகர் அதை இன்னும் ஏற்கவில்லை என்று பேச்சு.

அந்த வாரக் கூட்டத்தில் ஒன்றிய அலுவலகம் இழவு வீடு மாதிரி இருந்தது. சேர்மன் ஆண்டிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மானஸ்தன்யா. ஒரு சொல்லு பொறுக்க மாட்டாம பதவியத் தூக்கி எறிஞ்சுட்டாரு" என்றார்.

"எத்தன ரோடு போட்டுக் குடுத்த மனுஷன்" என்றார் ஒரு கவுன்சிலர். ரோடு போட்டவர் கையைப் பிடித்தால் என்ன என்று கேட்காத குறைதான்.

எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் மூன்று பேருக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இடைத்தேர்தல் வந்தால் சீட்டு யாருக்கு என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் வாயைத் திறந்து, "எல்லாஞ் சரி, அந்தப் புள்ளைக்கு அங்க என்ன சோலி?" என்றார். ஆளும் பக்கமும் எதிர்ப் பக்கமும் ஒன்றாகத் தலையாட்டிய நாள், ஒன்றியம் உண்டான நாளிலிருந்து அதுதான் முதல் நாளாக இருக்கும். எம்.எல்.ஏ.வுக்காக அழுதவர்கள் உண்டு, அவர் போனதற்காகச் சிரித்தவர்கள் உண்டு. முனீஸ்வரி எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஜக்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் புள்ள எங்க ஊருப் புள்ள. பொய் சொல்ற சாதியில்ல அது. கையப் பிடிச்சவன விட்டுட்டு அவ ஏன் போனான்னு கேக்குறீகளே, உங்க வீட்டுப் புள்ளயா இருந்தா இப்பிடிக் கேப்பீகளா?"

"உக்காரு தாயி. அரசியல் உனக்குப் புரியாது" என்றார் ஆண்டிச்சாமி. டீ வந்தது. ஜக்கம்மாள் டீயைத் தொடாமல் ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் கையெழுத்து மட்டும் பக்கத்தின் அடியில் மூன்று புள்ளியோடு அங்கேயே இருந்தது.

இருபது நாள் கழித்து முனீஸ்வரி, ஜக்கம்மாளைத் தேடி வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள்.

"விசாரணையில அதிகாரி இதக் காட்டுனாக அத்தை. உங்க ஒன்றியமே உன்னைப் பொய்க்காரின்னு எழுதிக் குடுத்திருக்கு, உங்க ஊரு மெம்பரும் கையெழுத்துப் போட்டிருக்குன்னு சொன்னாக. நான் இல்லைன்னுதான் சொன்னேன். அப்புறம் புள்ளியப் பாத்தேன்."

ஜக்கம்மாள் தாளை வாங்கி விரல் வைத்துப் படித்தாள். எட்டாம் தீர்மானம். ஒழுக்கக் குறைவான ஒரு பெண் உள்நோக்கத்தோடு கொடுத்த பொய்ப் புகாரை இம்மன்றம் கண்டிக்கிறது. மாண்புமிகு உறுப்பினர் ராஜினாமாவைத் திரும்பப் பெற வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. அடியில் பன்னிரண்டு கையெழுத்து. முனீஸ்வரி சொல்லிக் கொடுத்த எழுத்து முனீஸ்வரியின் தலைக்கு மேலேயே கத்தியாக நின்றது. ஜக்கம்மாள் அவமானத்தில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டாள் என்று தவசியே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

"அடுத்த விசாரணை எப்ப?"

"வார வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளி. அதுல முடிச்சிருவாகளாம். இதுதான் பெரிய சாட்சியாம்."

"நீ போ. நான் போட்டத நானே அழிக்கிறேன்" என்றாள் ஜக்கம்மாள்.

தவசி தடுத்துப் பார்த்தார். "போட்டது போட்டதுதான். பெரிய இடத்தோட நமக்கெதுக்கு?"

"உங்களுக்குப் பயமா இருந்தா காட்டுக்குப் போங்க. களை நிறையக் கெடக்கு."

முதலில் நேராகத்தான் கேட்டாள். ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், என் பெயரை அந்தத் தீர்மானத்திலிருந்து அடியுங்கள் என்றாள். ஆண்டிச்சாமி கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார்.

"மினிட் புத்தகம்னா என்னன்னு நெனச்ச தாயி? பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கு. ஒரு தாளக் கிழிச்சா ஆடிட்டுல என் பதவி போயிரும். எழுதுனது எழுதுனதுதான். அடியில கையெழுத்து இருக்கா, அது தீர்மானம். முன்னால எழுதுனதா பின்னால எழுதுனதான்னு எவன் கேப்பான்?"

ஜக்கம்மாள் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவரும் சொன்னார். "சரிங்க சேர்மன். இப்பப் புரிஞ்சுச்சு" என்று எழுந்து வந்துவிட்டாள். பொம்பளை அடங்கிவிட்டாள் என்று அருஞ்சுனையிடம் அவர் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

வீட்டில் தினக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாலு நாள் எழுதிப் பழகினாள். முனீஸ்வரியிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எழுதித் தந்திருப்பாள். கேட்கவில்லை. அவள் எழுதினாள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது.

செவ்வாய்க்கிழமை கூட்டம். அன்றைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பி.டி.ஓ.வும் உட்கார்ந்திருந்தார். ஜக்கம்மாள் வேண்டுமென்றே கடைசியாக நுழைந்தாள். மூன்று புருஷன்மாரும் தங்கள் சம்சாரங்களின் கையெழுத்துக்காக முந்தின நாளே வீட்டுக்கு வந்துபோன புத்தகத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு கையெழுத்தும் பக்கத்தின் அடியில் வரிசையாக இருந்தன. அருஞ்சுனை புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார். டீ வந்தது. எல்லோரும் வடையில் மும்முரமானார்கள்.

ஜக்கம்மாள் எழுத ஆரம்பித்தாள். பக்கத்தின் அடியில் அல்ல, தலைப்பில்.

"அறிவொளிக் கையெழுத்துல்ல, அம்புட்டு நேரம் ஆகத்தான் செய்யும்" என்று ஒருவர் கேலி பேசினார். அவள் நிமிரவில்லை. இரண்டு டீ குடிக்கிற நேரம் எழுதினாள். கடைசியாக அடியில் தன் பெயர், கோடு, மூன்று புள்ளி. புத்தகத்தைத் தூக்கி பி.டி.ஓ. முன்னால் வைத்தாள்.

"தீர்மானம் எழுதியாச்சு சார். வாசிங்க."

அவர் வாசித்தார். கோணல்மாணல் எழுத்து, ஆனால் விளங்கியது. போன மாதம் எழுதிய எட்டாம் தீர்மானம் கூட்டத்தில் பேசாதது. அதை ரத்து செய்கிறோம். முனீஸ்வரி சொன்னதை நம்புகிறோம். எம்.எல்.ஏ. ராஜினாமா செய்தது சரி. திரும்பி வர வேண்டாம். எல்லாரும் ஏகமனதாகச் சம்மதம்.

வடை தின்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன. ஆண்டிச்சாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது எப்பிடிச் செல்லும்? நாங்க போடும்போது தாள் வெறுந்தாளா இருந்துச்சு. கையெழுத்த வாங்கிட்டு மேல இஷ்டத்துக்கு எழுதுனா அது தீர்மானமா? இது மோசடி சார்."

ஜக்கம்மாள் இருந்த இடத்தை விட்டு எழவில்லை.

"அத அப்பிடியே எழுதிக் குடுங்க சேர்மன். நான் கேட்டது அம்புட்டுத்தான்."

பி.டி.ஓ. மெதுவாக முந்தின பக்கத்தைப் புரட்டினார். எட்டாம் தீர்மானத்தைப் பார்த்தார், அருஞ்சுனையைப் பார்த்தார். "இதுவும் அப்படித்தான் எழுதினதா?" என்று கேட்டார். அருஞ்சுனை காலி டீ கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாங்கிய கையெழுத்து. ஒன்று செல்லாவிட்டால் மற்றதும் செல்லாது. இன்றைக்கு எழுதியது செல்லுமானால் சண்முகவேலை அவருடைய சொந்தச் சேர்மனே வழியனுப்பி வைத்ததாக ஆகும். ஆண்டிச்சாமி உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"என்னோடதையும் அடிங்க சார். எனக்குக் கவலையில்ல" என்றாள் ஜக்கம்மாள். "ரெண்டையும் அடிச்சு, ஏன் அடிச்சோம்னு காரணத்த எழுதி, சேர்மன் கையெழுத்து வாங்கிக் குடுங்க. எழுதி முடிச்சப்புறம் வாங்குங்க."

அப்படியே நடந்தது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வெளியே வந்து, தாயி, எங்க கட்சிக்கு வந்துருங்களேன் என்றார். "அந்தப் புள்ளைக்கு அங்க என்ன சோலின்னு கேட்டவக நீங்கதான?" என்று கேட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முனீஸ்வரியோடு தானும் போனாள். இரண்டு தீர்மானத்தையும் அடித்துச் சேர்மன் கையெழுத்துப் போட்டதன் நகலைக் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். எதிர்ப் பெஞ்சியில் சண்முகவேலின் ஆட்கள் நாலு பேர் வெள்ளை வேட்டியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி அவள் வாக்குமூலத்தை டைப் அடித்து நீட்டி, கீழே ஒரு கையெழுத்துப் போடும்மா என்றார்.

ஜக்கம்மாள் விரல் வைத்து ஒரு வரி விடாமல் படித்தாள். கால் மணி நேரம் ஆனது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வாக்குமூலம் முடிந்த இடத்துக்கும் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கும் நடுவில் நாலு விரல்கடை வெறுமையாக இருந்தது. பேனாவை வாங்கி, அந்த வெற்றிடத்தின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு இழுத்து அடித்தாள். அதற்குப் பிறகுதான் பெயரை எழுதினாள். அடியில் கோடு, மூன்று புள்ளி. தாளை அதிகாரியிடம் கொடுக்காமல் முதலில் முனீஸ்வரியிடம் நீட்டினாள்.

"பாத்துக்கோ புள்ள. இது நான் போட்டது."