பேய் அணுக் கணக்கு

பிலோமினா டீச்சர் கெமிஸ்ட்ரியில் ஆராய்ச்சி செய்கிறார் என்றால் மாத்தளை டவுனில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். கையில் ஒரு கறை உண்டா, சாரியில் ஒரு அமில ஓட்டை உண்டா? ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அவர் செய்தது முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. பல்வலிக்குப் பூசும் கராம்பு எண்ணெயின் மூலக்கூறு ஒன்றும் தண்ணீர் மூலக்கூறு ஒன்றும் எவ்வளவு பலமாக ஒட்டிக்கொள்ளும்? அதுதான் கேள்வி.

“அத ஊத்திப் பாத்தா தெரியாதா?” என்பார் அம்மா மதலேனா. “அந்தக் காகிதக் கட்டத் தூக்கிக்கிட்டு பஸ்ல வராத புள்ள, காலம் கெட்டுக் கெடக்கு.”

அது தொண்ணூற்றேழாம் வருடம், போர்க்காலம். ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தவர்கள் அந்தப் பலம் ஆறு கிலோகலோரி என்றார்கள். டீச்சரின் கம்ப்யூட்டரோ ஒன்பது என்றது. ஒன்பது ஆறுக்குக் கிட்ட இறங்காவிட்டால் மூன்று வருட உழைப்பும் குப்பைக்குத்தான் என்று பேராசிரியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

தப்பு டீச்சருடையதுதான். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு படியை விட்டிருந்தார். இலத்திரன்களை வர்ணிக்க ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கொஞ்சம் கணிதச் சார்புகளைத்தான் கொடுக்க முடியும். பக்கத்தில் இன்னொன்று வந்ததும் அதனுடையதையும் இரவல் வாங்கிக்கொள்ளும். பிணைப்பு உள்ளதைவிடப் பலமாகத் தெரியும். அந்த இரவலைக் கழிக்க, பக்கத்து வீட்டில் ஆளில்லாமல் சாமான் மட்டும், அதாவது அணு இல்லாமல் சார்புகள் மட்டும், இருப்பதாக வைத்து மறுபடி கணக்கிட வேண்டும். ஆளில்லாத அந்த இடத்துக்குப் பெயர் பேய் அணு.

ஒரு சனிக்கிழமை அந்தக் கணக்கு முடிந்து காகிதம் கைக்கு வந்தது. டீச்சருக்குப் பார்க்கப் பயம். இரவலைக் கழித்துப் பார்க்காமலே பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மாத்தளைக்கு முன்னால் செக்பாயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். பை சோதித்த ஆமிக்காரப் பெண் காகிதக் கட்டை உருவினாள். எண்பது பக்கமும் வெறும் எண்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர்.

“இது என்ன ரகசியக் குறிப்பு?” என்று சிங்களத்தில் கேட்டாள்.

டீச்சர் தெரிந்த சிங்களத்தில் பக்கத்து வீட்டையும் இரவலையும் பேயையும் சொல்லி முடித்தார்.

“சரி, விடை என்ன?”

“இன்னும் பாக்கல. பயமா இருக்கு.”

“இங்கயே போட்டுக் காட்டுங்க.”

கண்டக்டர் ஹோர்ன் அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். மணல் மூட்டைமேல் காகிதத்தை வைத்து டீச்சர் எழுதினார். கராம்பின் இரவல் ஒன்று புள்ளி இரண்டு, தண்ணீரின் இரவல் ஒன்று புள்ளி ஏழு. ஒன்பது புள்ளி ஒன்றிலிருந்து இரண்டையும் கழித்தார். ஆறு புள்ளி இரண்டு. மறுபடியும் போட்டார். அதே ஆறு புள்ளி இரண்டு. மூட்டைமேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

“நான் ஒண்ணும் செய்யலையே!” என்று ஆமிக்காரப் பெண் பதறினாள்.

“சரியா வந்துருச்சு தங்கச்சி, சரியா வந்துருச்சு.”

அவள் காகிதங்களை ஒழுங்காக அடுக்கிக் கையில் கொடுத்தாள்.

வாசலில் நின்ற மதலேனா மகளின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

“செக்பாயின்ட்ல ஏதாச்சும் செஞ்சாங்களா?”

“கணக்குப் போட வச்சாங்கம்மா. ஆறு புள்ளி ரெண்டு.”

மதலேனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் முழுசாக வீடு வந்து சேர்ந்தது மட்டும் விளங்கியது. சிலுவை போட்டுக்கொண்டு கேட்டார்:

“நல்ல நம்பர்தானே?”

“நல்ல நம்பர்ம்மா.”