முகல்லா வாள்

என் கணவர் பம்பாய்க்கும் பஸ்ராவுக்கும் போய்வந்த சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தார். அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், பாய்லர் வெடித்து அவர் இறந்துவிட்டதாகக் கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்களாம். எனக்கு இருபத்து மூன்று வயது. கல்மண்டபம் பகுதியில், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் மாமனாரோடு இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து என் கணவரின் பெட்டி வந்தது. கூடவே சாக்கில் சுற்றிய வாள் ஒன்று, அவர் பெயர் எழுதிய அட்டையோடு. சோப்பு டப்பா வாங்கியதைக்கூட எனக்கு எழுதுகிறவர், வாளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

மண்ணடியில் பழைய சாமான் விற்கும் பாய் ஒருவர், ஏடனில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர். அவரிடம் கொண்டுபோனோம். வாளை உருவி ஒருமுறை பார்த்துவிட்டு உறையைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

"இரும்பைப் பாத்து ஊர் சொல்ல முடியாதும்மா. இது ஐரோப்பாவுல அடிச்சது. வாங்குறவன் அவன் ஊரு வழக்கப்படி பிடியும் உறையும் போட்டுக்குவான்."

மஸ்கட் வாளுக்கு நீண்ட உருண்டைப் பிடி இருக்கும், கைக்குக் காப்பு இருக்காது என்றார். அரபு நாட்டின் உட்பகுதியில் வளைந்த பிடிக்குச் சங்கிலி கோப்பார்களாம். இதில் பிடியின் நுனி சிங்கமுகம். பிடியும் உறையும் முழுக்க வெள்ளித் தகடு, பொடிப்பொடியாக மணிவேலை. ஏடனுக்குக் கிழக்கே முகல்லா பக்கத்து வேலை. சாமான் கைமாறிப் போகும், ஆனால் பஸ்ராவில் இப்படியொன்றைத் தான் பார்த்ததில்லை என்றார்.

என் கணவரின் கப்பல் ஏடன் பக்கமே போனதில்லை. வெளியே வந்ததும் மாமனாரிடம் சொன்னேன்: "செத்தது அவரு இல்ல மாமா. பேரை மாத்திட்டானுங்க."

"அப்டி நெனைக்காத கண்ணு. அப்பால தாங்க மாட்டே."

ஆனால் மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனி ஆபீசுக்குப் போனது அவர்தான். நான் மாதா கோயிலுக்குப் போய், என் கணவருக்காக வைத்திருந்த இறந்தோர் பூசை வேண்டாமென்று சாமியாரிடம் சொன்னேன். பெட்டியிலிருந்த சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தேன்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த விபத்தில் இறந்தவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் நாகூர்க்காரர், முன்பு ஏடன் கப்பல்களில் இருந்தவர். வாள் அவருடையது. அட்டை மட்டுந்தான் மாறியிருந்தது.

அந்த நாகூர்க்காரரின் தகப்பனார் வாளை வாங்கிப்போக வந்தார். சாப்பிடச் சொன்னோம்; தண்ணீர் மட்டும் குடித்தார். வாளை மடியில் கிடத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"ரெண்டு பேரும் பேசிப் பழகியிருப்பாங்களாம்மா?"

எனக்குத் தெரியாது. ஆமாம் என்றேன்.