ரிவர்ஸ் எடுக்காத இரண்டு நிமிடம்

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதக் காலையில், மரக்காணம் உப்பளத்துக்குள் நடந்தது இது. நான் அரசு ஜீப் டிரைவர். இத்தனை வருட சர்வீஸில் வண்டியில் ஒரு கீறல் கூட விழுந்ததில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பேன். இந்த ஒரு கதையை மட்டும் விட்டுவிடுவேன். என் வீட்டுக்காரிக்கே பாதிதான் தெரியும்.

அப்போது நான் ஒரு துணை கலெக்டர் அம்மாவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்த நிலம் எடுக்கிற பிரிவில் அவருக்குப் போஸ்டிங். கேட்கப் பெரிய பதவி மாதிரி இருக்கும். விவரம் தெரிந்தவர்கள், "ஓரங்கட்டிட்டாங்கப்பா" என்பார்கள்.

அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் அதே அம்மா எங்கள் பக்கத்தில் கோட்டாட்சியராக இருந்தார். அப்போதும் நான்தான் டிரைவர். அந்தச் சமயத்தில் அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சி துணை கலெக்டரை அனுப்பினார்கள். சின்ன வயது, ஒல்லியான ஆள். அரசு வண்டியில் பின் சீட்டின் இடது பக்கம் அதிகாரிக்கு. பயிற்சிக்கு வந்தவர் டிரைவர் பக்கத்தில், முன் சீட்டில். அவரும் எட்டு மாதம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். பட்டா எப்படிப் பார்ப்பது, கூட்டத்தில் கத்துகிறவனிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் அம்மா பின்னால் இருந்தபடியே சொல்லிக்கொண்டு வருவார். டிபன் டப்பாவில் பாதி அவருக்குப் போகும். ஆபீஸில் 'மேடம்', வண்டிக்குள் ஏறிவிட்டால் 'அக்கா'. அம்மாவும் 'தம்பி, தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

அப்புறம் அம்மா மேல் ஒரு மெமோ வந்தது. யாரோ செய்த தில்லுமுல்லுக் கோப்பில் இவருடைய கையெழுத்தும் இருந்ததாம். விசாரணை வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் உங்கள் மேல் தப்பில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் மெமோ நிலுவையில் இருக்கிறவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் ஏறாது. அந்த இடைவெளியில் அவருக்குக் கீழே இருந்த ஏழு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். பணிமூப்பைத் திருப்பிக் கேட்டு அம்மா எழுதிய மனு சென்னையில் எந்த மேஜையில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஏழு பேரில் ஒருவர்தான் நம் பயிற்சி சார். எங்கள் மாவட்டத்துக்கே டி.ஆர்.ஓ.வாக வந்தார். மாவட்ட வருவாய் அலுவலர், அதாவது அம்மாவுக்கு மேலதிகாரி.

வந்த முதல் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் இரண்டு பேரும் சார், மேடம், கோப்பு, கையெழுத்து. வேறு ஒரு பேச்சு கிடையாது. அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் டிரைவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெரிய அதிகாரியின் வண்டிக்குத்தான் மரத்து நிழல். குறுகலான வழியில் எதிரெதிரே வந்துவிட்டால் சின்ன அதிகாரியின் வண்டிதான் பின்னால் போக வேண்டும். அதிகாரிகளுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நாங்கள்தான் அவர்களுடைய சீனியாரிட்டியை டயர் டயராக அளந்துகொண்டிருப்போம். அந்த சாருடைய டிரைவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். ஒரு நாள் என் வண்டி பக்கத்தில் வந்து, "அண்ணே, இந்த நெழலு இனிமே எங்களுது. கொஞ்சம் தள்ளி வெயில்ல போட்டுக்கறீங்களா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் தள்ளிப் போட்டேன். ஆனால் மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

அந்த மே மாதம் திடீரென்று ஒரு கோடை மழை, ராத்திரி முழுக்கக் கொட்டியது. உப்பளத்துக்கு அதைவிடக் கேடு வேறு இல்லை. வாரிக் குவித்த உப்பு பாதி கரைந்து ஓடிவிட்டது. சேதத்தைக் கணக்கெடுக்கிற வேலையை அம்மாவிடம் கொடுத்தார்கள். டி.ஆர்.ஓ. சார் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் எங்களுக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டார். நாங்கள் போகும்போது மணி பத்தரை.

உப்பளத்துக்கு நடுவில் லாரி போகிற மண் பாதை. ஒரு வண்டிதான் போகலாம். இரண்டு பக்கமும் பாத்தி, ஓரமெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் மட்டும் லாரி திரும்ப அகலமான இடம் இருக்கும். அதைத் தாண்டி ஒரு ஐம்பது அடிதான் போயிருப்பேன். எதிரே டி.ஆர்.ஓ. வண்டி வந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் வந்தான்.

நான் ஐம்பது அடி பின்னால் போனால் போதும். அவன் போவதென்றால் அரை கிலோமீட்டர் போக வேண்டும். யார் போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஹாரன் சத்தம் கேட்டதும் எனக்கு மரத்து நிழல் ஞாபகம் வந்துவிட்டது. 'உங்க சாருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவங்க எங்க அம்மாடா. நீ போடா பின்னால' என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது மட்டுமா? இன்ஜினை ஆஃப் பண்ணினேன். சாவியைக் கூட எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எதிர் வெயில் அவன் கண்ணாடியில் அடித்ததால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் முயற்சி பண்ணவில்லை.

அம்மா பின்னால் தாசில்தாருடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "என்னப்பா நின்னுட்ட?" என்று கேட்டார்.

"அவங்க ரிவர்ஸ் எடுக்கறாங்கம்மா" என்றேன். பச்சைப் பொய்.

அவன் கதவைத் திறந்து கையை ஆட்டி ஏதோ கத்தினான். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. நான் வேடிக்கை பார்க்கிற மாதிரி உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

அப்புறம் பின் கதவு திறந்தது. சார் இறங்கி ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை, பேன்ட் முழங்கால் வரை சேறு.

"அக்கா! பாம்பு கடிச்சிருச்சுக்கா! வண்டியில ஒரு அம்மா இருக்காங்க. பின்னால எடுக்கச் சொல்லுக்கா!"

நடந்தது இதுதான். உப்புக் குவியலை ஓலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டச் சொல்லி சார் கேட்டிருக்கிறார். குத்தகைக்குப் பாத்தி எடுத்துப் பாடுபடுகிற அந்த அம்மா, கை விட்டு ஓலையைத் தூக்கியிருக்கிறார். மழைக்கு ஒதுங்கியிருந்த பாம்பு கையிலேயே போட்டுவிட்டது. சார் அவரையும் அவர் வீட்டுக்காரரையும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் எங்கள் அம்மாவுக்கு மூன்று தடவை போன் அடித்திருக்கிறார். லைன் பிஸி.

சாவி துவாரத்துக்குள் போகமாட்டேன் என்கிறது. எப்படியோ ஸ்டார்ட் பண்ணி, வேகமாகப் பின்னால் எடுத்தேன். வேகமாக எடுத்திருக்கக் கூடாது. பின் சக்கரம் ஊறிய ஓரத்தில் சறுக்கி, வண்டி ஒரு பக்கமாகப் பாத்திக்குள் சாய்ந்து நின்றுவிட்டது. கீறல் விழாத டிரைவர்! வழி மொத்தமாக அடைத்துக்கொண்டது.

ஐயோ கடவுளே என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தால், அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உப்புத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தாறு வயது. முட்டி வலிக்கு பெல்ட் போடுகிறவர். பக்கத்துப் பாத்திகளில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அந்த டிரைவரும் வந்து தோள் கொடுத்தான்.

"தம்பி, நீ அந்தப் பக்கம் பிடிடா! ஏம்பா, நீ மெதுவா ஆக்சிலேட்டர் குடு, பதறாத!"

'தம்பி' என்றது டி.ஆர்.ஓ. சாரை. அவரும் மறுபேச்சு இல்லாமல் அந்தப் பக்கம் போய்ப் பிடித்தார். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை வண்டி மேலே ஏறிவிட்டது. சக்கரம் வாரியடித்த சேறு இரண்டு பேர் முகத்திலும்.

கொட்டகைப் பக்கம் ஒதுங்கினேன். அவர்கள் வண்டி எங்களைத் தாண்டிப் போனபோது உள்ளே பார்த்தேன். அந்த அம்மாவின் தலை வீட்டுக்காரர் மடியில் இருந்தது. கண் சொருகிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் ஏறிய சார், கணக்கெடுப்புப் படிவம் வைத்திருந்த அட்டையால் விசிறிக்கொண்டே போனார்.

நாங்களும் தொடர்ந்து போனோம். ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரரையும் சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் பின்னாலேயே போகும்படி சார் தன் வண்டியைக் கொடுத்துவிட்டார்.

நான் சுவர் ஓரமாக நின்றிருந்தேன். அம்மா குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அம்மா, அவங்க ரிவர்ஸ் எடுக்கறாங்கன்னு சொன்னது பொய்ம்மா. நான் வேணும்னேதான் நிறுத்தினேன். நீங்கதானே சீனியர்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அடிப்பார் என்று கூட எதிர்பார்த்தேன்.

"அது என் கோவம்பா" என்றார். "நான் முழுங்கிட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன். உன்கிட்ட வந்து ஒட்டிக்கிச்சு போல. இனிமே எனக்காகன்னு இப்படி எதையும் செய்யாத. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் சீனியாரிட்டிய வச்சு நான் என்னப்பா பண்ணுவேன்?"

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

பாதியில் நின்ற கணக்கெடுப்பை முடிக்க வேண்டும். சாருக்கு வண்டி இல்லை, எங்கள் வண்டியில்தான் வர வேண்டும். அம்மா பின் சீட்டின் இடது கதவைத் திறந்து, "சார், நீங்க உக்காருங்க" என்று ஒதுங்கி நின்றார். 'தம்பி' மறுபடி 'சார்' ஆகிவிட்டார். சார் ஏறவில்லை. கதவை அம்மாவுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா ஏறி உட்கார்ந்தபிறகு சாத்திவிட்டு, சுற்றி வந்து என் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, இப்பவும் மதியத்துல அந்த டப்பா வருதா?" என்று என்னிடம் கேட்டார். பின்னால் இருந்து தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. டிபன் டப்பா. புளி சாதம். சேறு படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பாதியைச் சாப்பிட்டார். இரண்டு பேரும் மெமோவைப் பற்றிப் பேசவில்லை, பதவியைப் பற்றிப் பேசவில்லை. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மட்டும் மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம்.

சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது என் போன் அடித்தது. நிழலைப் பிடுங்கிக்கொண்ட அதே டிரைவர். ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"அண்ணே, கண்ணு முழிச்சிடுச்சுண்ணே. உயிருக்கு பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முழிச்சதும் அந்த அம்மா இன்னா கேட்டுச்சு தெரியுமா? என் குவியல எழுதிட்டாங்களான்னு கேக்குது!"

நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். சார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா மடியில் இருந்த படிவங்களைப் புரட்டி ஒன்றை எடுத்தார். "எழுதியாச்சுன்னு சொல்லுப்பா. முதல் பேரே அவங்கதான்னு சொல்லு" என்றார். எனக்குக் கண் மறைத்ததால் அஞ்சு நிமிடம் கழித்துத்தான் வண்டியை எடுத்தேன்.

அம்மா போன வருடம் அதே துணை கலெக்டர் பதவியில் ஓய்வு பெற்றார். மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறதாம். பிரிவு உபசாரத்துக்கு வேறு மாவட்டத்தில் இருந்து சார் வந்தார், எல்லார் முன்னாலும் மைக்கில் 'அக்கா' என்றார். அவருடைய பழைய டிரைவரும் நானும் இப்போது ஒரே நிழலில் வண்டியை ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொள்கிறோம். குறுகலான பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தால், அதில் எந்த அதிகாரி என்று பார்ப்பதற்கு முன்னாலேயே என் கை ரிவர்ஸ் கியருக்குப் போய்விடுகிறது. உள்ளே யார் தலை யார் மடியில் இருக்கிறதோ, எனக்கென்ன தெரியும்.