சர்பத்தில் போட்ட சியா

கண்டிக்குப் போகும் பஸ்ஸில்தான் முதலில் தெரிந்தது. மாத்தளையில் நிறைத்த தண்ணீர்ப் போத்தல் அக்குறணை வருவதற்குள் காலி. அப்போதும் நாக்கு ஒட்டிக்கொண்டே கிடந்தது. வெயில் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இரத்தப் பரிசோதனையை ஏமாற்ற முடியவில்லை. நீரிழிவு (எங்கள் பேச்சில் சீனி வருத்தம்). குளிசை எழுதிய கையோடு டொக்டர் சொன்னார்: “இந்த வருஷம் நோன்பு வேணாம். சீனி கட்டுப்பாட்டுக்கு வந்தா அடுத்த வருஷம் பார்ப்போம்.”

சீனி வருத்தத்தை விட அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வீடே நோன்பிருக்க, நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு குரக்கன் ரொட்டி தின்றேன். அழுகையும் வந்தது, பசியும் வந்தது.

சியா விதை நல்லது என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். மகள் ஷிபானா வாங்கி வந்தாள். பிரித்துப் பார்த்தேன். அட, நோன்பு திறக்கும் நேரம் சர்பத்தில் மிதக்குமே, அந்தக் கசகசா (சப்ஜா விதை) மாதிரியே! எங்கள் வீடுகளில் கசகசாவைக் கண்டால் அடுத்த கை ரோஸ் சிரப்புக்குத்தான் போகும். என் கையும் போனது. மகள் வேலைக்குப் போனதும் தினமும் ஒரு கிளாஸ், மருந்தென்றே நினைத்துக் குடித்தேன்.

அடுத்த கிளினிக்கில் எச்.பி.ஏ.ஒன்.சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி) ஏறியிருந்தது.

“சியா சாப்பிடுறீங்களா?”

“ஒருநாளும் விடல்ல டொக்டர். நல்லா சர்பத்துல ஊறப்போட்டு...”

ஷிபானா தலையில் கை வைத்தாள். டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். “விதை நல்லதுதான். அதை நீங்க சீனிப்பாணியில முக்கிட்டீங்களே!”

என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன். சியா தண்ணீரை உறிஞ்சி வழுவழுப்பாக ஊதும். அதன் நார்ச்சத்து வயிற்றை நிறைக்கும், மலச்சிக்கலைக் குறைக்கும், சாப்பாட்டின் சீனி இரத்தத்தில் மெதுவாகச் சேர உதவும். வெறும் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள். உலர்ந்தபடி விழுங்கினால் தொண்டையில் அடைக்கலாம். குளிசையை நிறுத்தாதீர்கள். குளிசை, குறைத்த சோறு, மாரியம்மன் கோயில் வரை காலைநடை எல்லாம் சேர்ந்துதான் என்னைத் தூக்கிவிட்டன.

மறு வருடம் டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். குளிசை நேரத்தை மாற்றித் தந்தார். “நோன்பு பிடிங்க. இடைக்கிடை சீனி பாருங்க. இறங்கினா உடனே விட்டுரணும். வீம்பு கூடாது.”

கிளினிக் வாசலில் மகளைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். பேரப்பிள்ளை பிறந்த செய்தி என்று வரிசையில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

முதல் நோன்பன்று பின்னேரம் அஸர் தொழுதபின் நாக்கு உலர்ந்தது. முன்பெல்லாம் தாகம் எடுத்தால் பயம்தான் முதலில் வரும். அன்று வரவில்லை. நோன்பு திறக்க, பள்ளிவாசல் பாங்குக்காகக் காத்திருந்தோம். எல்லோர் முன்னாலும் ரோஸ் சர்பத், என் முன்னால் சியா ஊறிய வெறும் தண்ணீர்.

“உம்மா, தாகமா இருக்கா?” ஷிபானா கவலையோடு கேட்டாள்.

“இருக்கு மகள்” என்றேன் பெருமையாக. “உங்க எல்லாருக்கும் இருக்கிற அதே தாகம்.”